கலப்படமில்லாத ருமியாத்தி

பொனோரோகோ நகரத்தில் மொழி கற்பித்தல் உயர் ஆய்வு நிறுவனம் என்று ஒன்று இருந்தது. தைவானுக்குப் போய்க் கிழடுகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிற நம் ஊர்ப் பெண்களுக்கு மாண்டரின் மொழியை எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று அது வருஷக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்தது. கற்றுக்கொடுப்பது அதன் வேலை இல்லை. அந்த மாதிரிக் கூலி வேலைக்கெல்லாம் பள்ளிக்கூட வாத்தியார்கள் இருக்கிறார்கள். ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு அதற்கு ஏது நேரம்?

நிறுவனத்தின் தலைவர் டாக்டர் குந்தோரோ. பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம், பின்னால் நாலு பட்டம். கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் மட்டும் தனியாக இரண்டு வரி பிடிக்கும். பேராசிரியர் என்ற பட்டம் ஒன்றுதான் இன்னும் வந்து சேரவில்லை. அது வர வேண்டுமென்றால் வெளிநாட்டு ஆய்விதழில் கட்டுரை வர வேண்டும், அதுவும் அந்த வருஷத்துக்குள் வர வேண்டும். அவருக்கு மாண்டரின் தெரியாது. தெரிந்துகொண்டால் ஆய்வின் நடுநிலை கெட்டுவிடும் என்பது அவர் கருத்து.

ருமியாத்தி பஸ் நிலையத்துக்கு எதிரே பெச்செல் சோறு விற்றுக்கொண்டிருந்தாள். அவித்த கீரையும் முளைகட்டின பயறும் வைத்து, மேலே காரமான கடலைச் சாந்து ஊற்றித் தேக்கிலையில் கொடுப்பாள். புருஷன் கஸ்னோ தென்னையிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் படுத்த படுக்கையாகிவிட்டான். பெச்செல் விற்று ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து மாளாது. யாராவது ஒருவர் தைவானுக்குப் போனால்தான் குடும்பம் பிழைக்கும் என்று ஆகிவிட்டது. வீட்டில் போகக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருத்தி ருமியாத்தி. இன்னொருத்தி அவள் மகள் வெனிங்.

வெனிங்குக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. சின்ன வயசிலிருந்தே டீச்சர் ஆக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கோழிக்குஞ்சுகளை வரிசையாக நிறுத்திப் பாடம் எடுத்த பெண் அது. அதே நிறுவனம் நடத்துகிற ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அவளுக்கு அடுத்த கல்வியாண்டுக்கு இடமும் கிடைத்திருந்தது. ருமியாத்தி தைவானுக்குப் போனால் இவள் படிக்கலாம், அத்தை வந்து கஸ்னோவைப் பார்த்துக்கொள்வாள். ருமியாத்தி போக முடியாவிட்டால் இவள் போக வேண்டும்.

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிட்டான்.

"நாப்பது வயசு ஆயிட்டா புது ஆளைப் பதிய மாட்டோம்க்கா. உங்களுக்கு நவம்பர்ல நாப்பது. அதுக்குள்ள அந்த ஆய்வு நிறுவனத்துல மாண்டரின் பரீட்சை பாஸ் பண்ணிட்டு வாங்க. அங்க பாஸ் பண்ணாத ஆளை நாங்க தொடுறதே இல்ல." வெனிங்கைச் சந்தையில் கோழியைப் பார்ப்பது போல் ஒரு பார்வை பார்த்தான். "இல்லாட்டியும் கவலை இல்ல. பாப்பாதான் இருக்கே."

"அவ படிக்கப் போறா" என்றாள் ருமியாத்தி.

"படிக்கட்டும், படிக்கட்டும். எந்த ஊர்லன்னு அப்புறம் பார்த்துக்கலாம்."

அன்றைக்கே கடையை அத்தையிடம் விட்டுவிட்டு நிறுவனத்தில் போய்ப் பெயர் கொடுத்தாள். இலவச வகுப்பு, நாலு மாசம், முடிவில் பரீட்சை. பாதியில் நின்றவர்களுக்குப் பரீட்சை கிடையாது. கரும்பு தின்னக் கூலியா என்று சந்தோஷப்பட்டாள், பாவம்.

முதல் நாள் நாற்பது பெண்களையும் மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். தேசிய கீதம், பிரார்த்தனை, வரவேற்புரை, வரவேற்புரைக்கு நன்றியுரை எல்லாம் ஆயிற்று. பலகாரப் பெட்டி கொடுத்தார்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் குடத்தில் கையை விட்டு ஆளுக்கொரு பந்து எடுக்கச் சொன்னார்கள். ருமியாத்திக்கு வெள்ளைப் பந்து வந்தது.

பச்சைப் பந்து வந்தவர்களை ஏசி போட்ட அறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே நடந்தது 'சென்யும்' முறை. சென்யும் என்றால் புன்னகை. அந்த வார்த்தையின் ஒவ்வோர் எழுத்துக்கும் டாக்டர் குந்தோரோ ஒரு தத்துவம் வைத்திருந்தார். தத்துவம் முதலில் வந்ததா எழுத்து முதலில் வந்ததா என்று கேட்பது மரியாதை இல்லை. பலூன் ஊதுவார்கள், கை தட்டுவார்கள், பாடுவார்கள், முடிவில் ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகைப்பார்கள். நடுவில் இடம் இருந்தால் கொஞ்சம் மாண்டரின்.

வெள்ளைப் பந்து வந்தவர்களைச் சைக்கிள் கொட்டகையை ஒட்டிய அறைக்கு அனுப்பினார்கள். பெஞ்சு இருந்தது, ஒரு மின்விசிறி இருந்தது. கரும்பலகையைக் கழற்றிய இடம் சுவரில் தெரிந்தது. அரை மணி நேரம் காத்திருந்துவிட்டு ருமியாத்தி எழுந்து வெளியே எட்டிப் பார்த்தாள். நூனிங் வந்தாள். டாக்டரின் ஆய்வு உதவியாளர், வெண்ணெய் மாதிரிக் குரல், எந்தச் சங்கடத்திலும் சிரிப்பு மாறாத முகம்.

"வாத்தியார் எப்பம்மா வருவாரு?"

"வாத்தியார் வர மாட்டாருக்கா. நீங்க ஒப்பீட்டுக் குழு."

"அப்படின்னா?"

"அந்தப் பக்கம் அவங்க கத்துக்குவாங்க. இந்தப் பக்கம் நீங்க கத்துக்காம இருப்பீங்க. அப்பத்தானே அவங்க கத்துக்கிட்டது தெரியும்?"

ருமியாத்திக்கு ஒன்றும் ஓடவில்லை. "நான் கத்துக்கத்தானே வந்தேன்?"

"எல்லாரும் கத்துக்கணும்னா ஆராய்ச்சி எப்படிக்கா நடக்கும்?" என்றாள் நூனிங், மிகவும் பரிவோடு.

போன தடவை இப்படி இல்லையாம். ஒப்பீட்டுக் குழுவுக்கும் ஒரு வாத்தியார் போட்டிருந்தார்கள், ஓய்வு பெற்ற பழைய ஆள். அவர் பலூனும் ஊதவில்லை, ஒரு மண்ணும் செய்யவில்லை. தினமும் இருபது வார்த்தை எழுதிப் போட்டு, மறுநாள் கேட்டு, தெரியாதவளை நிற்க வைத்திருக்கிறார். பரீட்சையில் அவருடைய ஆட்கள் புன்னகைக்காரிகளை ஓட ஓட அடித்துவிட்டார்கள். இது பெரிய முறைகேடு என்று விசாரணை வைத்து, வாத்தியாரைச் சைக்கிள் கொட்டகைக்கு டோக்கன் கொடுக்க மாற்றினார்கள். கரும்பலகையையும் அப்போதுதான் கழற்றினார்கள். இனி ஒப்பீட்டுக் குழுவுக்கு எந்த முறையும் வேண்டாம், முறையில்லாத முறையே போதும் என்று தீர்மானம் ஆயிற்று.

ஆக, வாரம் நாலு நாள் இருபது பெண்கள் அந்த அறையில் வந்து உட்கார்ந்து எதுவும் கற்றுக்கொள்ளாமல் போனார்கள். கையெழுத்துப் போட வேண்டும், நேரத்துக்கு வர வேண்டும். ஒரு நாள் தாமதமாக வந்த ஒருத்தியை "இப்படி இருந்தா எப்படிம்மா உங்க கல்வி முன்னேறும்?" என்று வாசல் காவலன் கண்டித்தான்.

வாரக் கடைசியில் 'கற்பவர் அனுபவம்' எடுக்க நூனிங் வருவாள். ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்பாள்.

"இந்த வாரம் எதுவும் கத்துக்காததுல உங்களுக்கு எப்படி இருக்குக்கா? ரொம்ப நிறைவா, நிறைவா, ஓரளவு நிறைவா?"

"எரிச்சலா இருக்கு."

"எரிச்சலுக்குக் கட்டம் இல்லையேக்கா."

"அப்ப வயித்தெரிச்சல்னு போடு."

"ஓரளவு நிறைவுன்னு போட்டுக்கறேன்" என்று சிரித்தபடி கட்டத்தில் குறி போட்டுக்கொண்டாள்.

ஒரு மாசம் போனதும் புதிய சிக்கல் வந்தது. ஏசி அறைப் பாட்டு முற்றம் தாண்டி இந்தப் பக்கம் கேட்டது. காது இருக்கிற மனுஷி என்ன செய்வாள்? ஒருநாள் நூனிங் எட்டிப் பார்த்தபோது வெள்ளைப் பந்துக்காரி ஒருத்தி தன்னை மறந்து "சாப்பிட்டாச்சா தாத்தா" என்று பொருள்படும் மாண்டரின் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தீப்பிடித்த மாதிரி ஓடினாள் நூனிங். மறுநாள் அறைக்குள் ஒரு பெரிய ஒலிபெருக்கியை வைத்து, பாட்டு வருகிற நேரத்தில் டாங்டுட் ஆட்டப் பாட்டை அலற விட்டார்கள். அதற்கும் மேல் காதில் வைத்துக்கொள்ள ஆளுக்கொரு பஞ்சுப் பொட்டலம். அறிவு உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ள அந்த நிறுவனம் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. அதில் பாதிப் பாடு கற்றுக்கொடுப்பதில் பட்டிருந்தால் எல்லாரும் எப்போதோ தேறியிருப்பார்கள்.

ருமியாத்தி இனி இவர்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று புரிந்துகொண்டாள். அடுத்த வீட்டு ஜுமிலா தைவானில் வெகுகாலம் ஒரு கிழவரைப் பார்த்துக்கொண்டு திரும்பி வந்தவள். கடலை வறுக்கும்போதும் கீரை ஆயும்போதும் ஜுமிலாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ருமியாத்தி கேட்டுக் கேட்டுப் படித்தாள். ஜுமிலாவின் மாண்டரின் முழுக்க முழுக்க அந்தக் கிழவரின் மாண்டரின். எழுந்திருக்காதீங்க, மாத்திரை போட்டாச்சா, யார் இந்தக் கஞ்சியில் உப்புப் போட்டது, நாயே, இப்படித்தான் போகும். தைவானில் இதுதான் வேண்டும் என்று அவள் சத்தியம் செய்தாள். வெனிங்கும் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குப் பரீட்சை வைப்பாள். தப்பாகச் சொன்னால், "இன்னொரு தடவை சொல்லுங்க பார்ப்போம்" என்று டீச்சர் மாதிரியே விரலை ஆட்டுவாள். அப்படி ஆட்டும்போது ருமியாத்திக்கு நெஞ்சு நிறைந்துவிடும். இவளை எக்காரணம் கொண்டும் அனுப்பக் கூடாது என்று நினைத்துக்கொள்வாள்.

யார் போட்டுக் கொடுத்தார்களோ தெரியாது. ஒருநாள் பஸ் நிலையக் கடைக்கே டாக்டர் குந்தோரோ காரில் வந்து இறங்கினார். பின்னால் நூனிங், அவள் பின்னால் புகைப்படம் எடுக்கிறவன். பெச்செல் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் வரி வசூல் என்று நினைத்து எழுந்து போய்விட்டார்கள்.

"அம்மா, நீங்க வெளியில கத்துக்கறீங்கன்னு ஒரு தகவல்" என்றார் டாக்டர். கோபமே இல்லை அவர் முகத்தில். ஒரு வைத்தியர் நோயாளியிடம் பேசுகிற இதம். "நான் நம்பல. ருமியாத்தி அம்மா அப்படிப்பட்டவங்க இல்லன்னுதான் சொன்னேன்."

"ரெண்டு வார்த்தை காதுல விழுந்துச்சுங்க ஐயா."

"ரெண்டு வார்த்தை." டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "பால்ல தண்ணி கலந்தா அதுக்குப் பேரு என்னம்மா? கலப்படம். உங்க குழு சுத்தமான பால். உங்க அறியாமை இருக்கே, அது சாதாரண அறியாமை இல்ல. அதுக்குப் பல்கலைக்கழக அனுமதி வாங்கியிருக்கோம். நெறிமுறைக் குழு உக்காந்து பேசி, இந்த அறியாமையால உங்களுக்கு எந்தத் தீங்கும் வராதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கு. அதை நீங்களே கெடுத்துக்கலாமா?"

"பரீட்சையில பாஸ் பண்ணாட்டி என் பொண்ணைத்தான் அனுப்பணும் ஐயா. அதுக்கு நீங்க ஒரு வழி சொல்லுங்க."

"பரீட்சை உங்களுக்கும் உண்டு. அதுல ஒரு குறையும் வைக்க மாட்டோம். பாஸ் பண்றதுக்கு எல்லாருக்கும் சம உரிமை இருக்கு." நூனிங் பக்கம் திரும்பி, "இந்த வரியைக் குறிச்சுக்கம்மா" என்றார். "கத்துக்காம பாஸ் பண்ணினா உங்களை யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. கத்துக்கிட்டுப் பாஸ் பண்ணினாத்தான் தப்பு."

பரீட்சை முடிகிற வரைக்கும் மாண்டரினில் ஒரு சொல்லும் கற்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். கடலைச் சாந்து படிந்த வலது கையை உயர்த்தி ருமியாத்தி சொன்னாள். புகைப்படக்காரன் வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு முறை சொல்லச் சொன்னான். இரண்டு தடவையும் பொய்ச் சத்தியம். கார் போனதும் ஜுமிலாவைக் கூப்பிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். சாமி மன்னிக்கும், டாக்டர் மன்னிக்காவிட்டால் போகட்டும்.

செப்டம்பரில் நிறுவனத்தில் விருந்து வைத்தார்கள். டாக்டரின் கட்டுரை வெளிநாட்டு ஆய்விதழில் வந்துவிட்டது. வெள்ளைப் பந்துக்காரிகளுக்கும் வறுத்த கோழி வைத்த சோற்றுப் பெட்டி கிடைத்தது. சுவரில் கட்டுரையைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தார்கள். அதில் இரண்டு தூண் வரைந்திருந்தது. பச்சைத் தூண் கூரையைத் தொட்டது. வெள்ளைத் தூண் கரப்பான் பூச்சி உயரம்.

"இந்தக் குட்டையா இருக்கறது என்னம்மா?" என்று ருமியாத்தி கேட்டாள்.

"அது நீங்கதான்க்கா. இறுதிப் பரீட்சையில ஒப்பீட்டுக் குழு வாங்கின மார்க்கு."

"பரீட்சை அடுத்த மாசம்தானே?"

"ஆமாக்கா. ஆனா டாக்டரோட பதவி உயர்வு விண்ணப்பம் இந்த மாசம். அதனால முடிவை முன்னாடி எழுதிட்டோம். பரீட்சை ஒரு சம்பிரதாயத்துக்கு." நூனிங் ருமியாத்தியின் கையைப் பிடித்து அழுத்தினாள். "நீங்க நல்லா ஒத்துழைச்சீங்கக்கா. உங்க குழு இவ்வளவு குறைவா வாங்கினது எங்க எல்லாருக்கும் பெருமை."

ருமியாத்தி சோற்றுப் பெட்டியை மூடினாள். வீட்டுக்குக் கொண்டுபோனால் கஸ்னோ சாப்பிடுவான்.

பரீட்சை வாய்மொழிப் பரீட்சை. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் மாண்டரினில் கேட்கும், பதில் சொல்ல வேண்டும், சரியான விடைகளின் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டு அங்கேயே மார்க்குப் போடுவார்கள். முதலில் பச்சைக் குழு. 'தாத்தாவுக்குக் காய்ச்சல், என்ன செய்வாய்?' என்று குரல் கேட்டது. முதல் பெண் கை தட்டினாள். இரண்டாவது பெண் பாட்டை முதலிலிருந்து பாடிப் பார்த்தாள், காய்ச்சல் வருகிற அடி அதில் இல்லை. மூன்றாவது பெண் புன்னகைத்தாள். எல்லாரும் நன்றாகவே புன்னகைத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது.

பிறகு ருமியாத்தி. காய்ச்சலா, ஈரத்துணி போடுவேன், மாத்திரை கொடுப்பேன், மகனுக்குப் போன் செய்வேன். தாத்தா சாப்பிட மாட்டேன் என்கிறாரா, கஞ்சியை ஆற வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பேன். குரல் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்தது. நாலைந்து இடத்தில் பிசகினாள், ஒரு இடத்தில் கிழவரின் கெட்ட வார்த்தையும் வந்துவிட்டது. மற்றதெல்லாம் சரி. பாஸ் மார்க்கைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டாள். வெளியே வந்து வெனிங்குக்குப் போன் போட்டு, "பாஸுடி" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதாள்.

மறுநாள் கூப்பிட்டு அனுப்பினார்கள். நீள மேஜை, ஏழெட்டுப் பேர், நடுவில் டாக்டர் குந்தோரோ. பேராசிரியர் குந்தோரோ என்று சொல்ல வேண்டும். ஆணை வந்து ரெண்டு நாள் ஆகியிருந்தது.

"அம்மா, உங்க மேல எங்களுக்கு எவ்வளவு மரியாதை இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தார். "நேத்து நீங்க மாண்டரின் பேசினீங்க. அதை நாங்க மறுக்கல. நாங்க உண்மைக்குப் பயந்தவங்க இல்ல. ஆனா அச்சில வந்த உண்மை ஒண்ணு இருக்கு. அதுல நீங்க பேசல. உலகம் பூரா அதைப் படிச்சிருக்கு."

"எத்தனை பேருங்க ஐயா?"

நூனிங் தாளைப் பார்த்தாள். "மூணு பேருக்கா. ஒருத்தர் நான்."

"எண்ணிக்கை முக்கியமில்ல" என்றார் பேராசிரியர். "யோசிச்சுப் பாருங்க. நீங்க பாஸ்னு போட்டா கட்டுரை பொய். கட்டுரை பொய்னா என் பதவி பொய், இந்த நிறுவனம் பொய். இந்த நிறுவனம் பொய்னா நாங்க வைக்கிற பரீட்சையும் பொய். பரீட்சையே பொய்னா அப்புறம் நீங்க பாஸ் பண்ணினதுக்கு என்ன அர்த்தம்? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மேஜையில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருவர் மெதுவாகக் கைகூடத் தட்டினார்.

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. நவம்பர்ல எனக்கு நாப்பது. நீங்க பாஸ்னு ஏஜெண்டுக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். என் பொண்ணு உங்க கிட்டயே படிக்க சீட்டு வாங்கியிருக்கா. அவளை விட்டுருங்க."

"நாங்க யாரையும் கைவிடறதில்ல" என்றார் பேராசிரியர். "உங்களுக்காகவே ஒரு சிறப்பு ஏற்பாடு பண்ணியிருக்கோம். ஒரு வார மறதிப் பயிற்சி. இலவசம். நிபுணர் யோக்யகர்த்தாவிலிருந்து வர்றாரு. கத்துக்கிட்டதை மென்மையான முறையில உங்க மனசுலேருந்து எடுத்துடுவோம். அதுக்கப்புறம் மறுபரீட்சை. அதுல நீங்க கட்டுரையில இருக்கற மார்க்கை வாங்கிட்டா எல்லாம் சுமுகமா முடிஞ்சிடும்."

"வாங்கினா பாஸா?"

"ஃபெயில்மா. ஆனா முறைப்படி ஃபெயில்."

ருமியாத்தி எழுந்து வந்துவிட்டாள். அதையும் அவர்கள் வீணாக்கவில்லை. பாதியில் நின்றவள் என்று எழுதி அவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். கட்டுரை பிழைத்தது. பாதியில் நின்றவர்களுக்குப் பரீட்சை கிடையாது என்பது விதி. ஆகவே அவள் பாஸ் செய்த பரீட்சையும் நடக்கவில்லை என்று ஆயிற்று. ஏஜெண்டிடம் போய் மாண்டரினிலேயே பேசிக் காட்டினாள். அவனுக்குத் தெரியும், அவன் தைவானில் இருந்தவன்தான். "நல்லாத்தான் பேசறீங்க" என்றான் வருத்தத்தோடு. "ஆனா அவங்க சொல்லணுமே." நவம்பரும் வந்தது. நாற்பதும் வந்தது.

வெனிங் அழவில்லை. அதுதான் தாளவில்லை ருமியாத்திக்கு. ஒரு நாள் காலையில் தானே போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். பச்சைப் பந்து வந்ததாம். நாலு மாசம் பலூன் ஊதினாள். அம்மாவோடு உட்கார்ந்து கற்றதை வைத்து முதல் மார்க்கு வாங்கிப் பாஸ் செய்தாள். சென்யும் முறையின் மகத்தான வெற்றி என்று அவள் படத்தை நிறுவன வாசலில் மாட்டினார்கள்.

ஏஜெண்டின் வேன் பஸ் நிலையத்துக்கு வந்தது. வெனிங் பையை உள்ளே வைத்தாள், கடைக்கு ஓடி வந்து அம்மாவின் காலைத் தொட்டாள். "அப்பாவுக்கு ராத்திரி மாத்திரை மறந்துடாதீங்க" என்றாள். அவ்வளவுதான் பேச முடிந்தது. வேன் தெரு திரும்புகிற வரை ருமியாத்தி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அப்போது தோளை யாரோ தொட்டார்கள். நூனிங். கையில் ஒலிப்பதிவுக் கருவி.

"அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. புது ஆய்வு ஒண்ணு. பிள்ளைங்களோட மொழிக் கல்வியில தாய்மாரோட அனுபவம். இந்த நிமிஷம் உங்களுக்கு எப்படி இருக்குன்னு உங்க சொந்த வார்த்தையில சொல்லுங்க. இந்தத் தடவை கட்டமே இல்லைக்கா. என்ன வேணா சொல்லலாம்."

ருமியாத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் புள்ளையத் தின்னுட்டு வந்து எப்படி இருக்குன்னா கேக்கற? உங்க வாயில மண்ணு விழ. உங்க எல்லார் வாயிலயும் மண்ணு விழ."

நூனிங்கின் கண்கள் கலங்கிவிட்டன. எத்தனையோ வருஷம் ஓரளவு நிறைவு என்றே எழுதி வந்த பெண் அது. "ரொம்ப ஆழமா சொல்லிட்டீங்கக்கா" என்றாள். "லாரி சத்தத்துல சரியா விழல. இன்னொரு தடவை, கொஞ்சம் மைக் பக்கத்துல."

ருமியாத்தி இன்னொரு தடவை சொன்னாள். அதற்கு அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது பஸ் நிலையத்தை அகலப்படுத்துகிறோம் என்று கடைகளை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். வேறு கூட்டம் சேர்கிற இடம் இல்லாததால் ருமியாத்தி கடையை நிறுவன வாசலுக்கே மாற்றினாள். வயிறு எந்த ரோஷத்தைக் கேட்கும்? கடை போட்ட முதல் நாளே புது மாணவர்களை வரவேற்கும் விழா. மைதானம் முழுக்கப் பிள்ளைகள், வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையும் கறுப்புக் கால்சட்டையுமாக. மேடைக்கு மேலே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பேனர் கட்டியிருந்தார்கள். ஆள் உயர எழுத்து. 'உங்க வாயில மண்ணு விழ: மொழிக் கல்வியில் தாய்மார்களின் குரல்கள். சிறந்த ஆய்வுக்கான விருது பெற்ற நம் பேராசிரியருக்குப் பாராட்டு.'

ருமியாத்தி கையிலிருந்த இலையைக் கீழே வைத்தாள்.

பேராசிரியர் குந்தோரோ மைக்கைப் பிடித்தார். "கண்மணிகளே, இது ஒரு தாயோட குரல். எவ்வளவு வலி, எவ்வளவு நம்பிக்கை பாருங்க இதுல. இந்தத் தாய் எங்ககிட்ட மனசு திறந்தாங்க. ஏன் திறந்தாங்க? ஏன்னா நாங்க காது கொடுத்தோம். கேக்கற நிறுவனம் நம்ம நிறுவனம். எங்க, எல்லாரும் எழுந்து நின்னு, அந்தத் தாய்க்கு மரியாதையா ஒரே குரல்ல சொல்லுங்க பார்ப்போம்."

முந்நூறு பிள்ளைகளும் எழுந்து நின்று, மேடையைப் பார்த்து, ஒரே குரலில் சொன்னார்கள். பேராசிரியருக்குப் போதவில்லை. காதில் கையை வைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொல்லச் சொன்னார். மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டே கை தட்டினார்கள்.

"அது நான் சொன்னது" என்றாள் ருமியாத்தி, இலைக்குக் காத்திருந்த காவலனிடம்.

"அப்படியெல்லாம் சொல்லிக்கக் கூடாதுக்கா" என்றான் அவன் தணிந்த குரலில். "சொன்னவங்க யாருன்னு வெளியில தெரியக் கூடாதாம். அதுக்குன்னு விதி இருக்கு. பங்கேற்பாளரோட நலனுக்காக. சாந்து கொஞ்சம் கூட ஊத்துங்க."

போன் அடித்தது. வெனிங். வாரத்தில் ஒரு நாள், அவள் பார்த்துக்கொள்கிற கிழவர் பகலில் கண்ணயர்கிற நேரத்தில்தான் அவளால் பேச முடியும்.

"என்னம்மா அங்க ஒரே சத்தமா இருக்கு?"

"காலேஜு வாசல்ல கடை போட்டிருக்கேன். புதுப் பசங்க சேர்ந்திருக்காங்க."



"எல்லாரும் வெள்ளைச் சட்டையாம்மா?"

"ஆமா."

"இஸ்திரி போட்டு வந்திருக்காங்களா?"

"எல்லாரும் போட்டிருக்காங்க. நீ சாப்பிட்டியா?"

வெனிங் பதில் சொல்வதற்குள் அவளுக்குப் பின்னால் ஒரு கிழக் குரல் மாண்டரினில் கத்தியது. யார் இந்தக் கஞ்சியில் உப்புப் போட்டது, நாயே, எங்கே போய்த் தொலைந்தாய். வெனிங் அதே மொழியில், மிகவும் பணிவாக, இதோ வந்துவிட்டேன் தாத்தா, மன்னித்துவிடுங்கள் என்றாள். பிறகு அம்மாவிடம், "சும்மா பேரு சொல்லிக் கூப்பிடறாரும்மா, தங்கமான மனுஷன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.

ருமியாத்திக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது.